எல்லோரும் சென்சார் மாட்டுகிறார்கள், நாங்களும் மாட்ட வேண்டுமா?

கேள்வி: வாகன உதிரிபாகங்கள் கடையும் தொழிற்கூடம் நடத்துகிறோம். 18 சிஎன்சி (கணினிக் கட்டளையில் இயங்கும்) மெஷின்கள், இரண்டு ஷிப்ட். எங்கள் பெரிய வாடிக்கையாளர் இந்த வருடம் அனுப்பிய தணிக்கைப் படிவத்தில், 'ஸ்மார்ட் உற்பத்திக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?' என்று புதிதாக ஒரு கேள்வி இருக்கிறது. எங்களைப் போன்ற இரண்டு நிறுவனங்கள் மெஷின்களில் சென்சார் மாட்டி, வாசலில் பெரிய திரையும் வைத்துவிட்டன. 18 மெஷினுக்கும் சேர்த்து ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அப்பாவோ, 'ஷிப்டுக்கு ஷிப்ட் லாக் புக் எழுதுகிறோமே, அது போதாதா?' என்கிறார். நிறுவனங்கள் உண்மையில் எதற்காக இதில் இறங்குகின்றன? நாங்கள் இறங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்கிறார், பக்கத்தில் இருப்பவர்கள் செய்துவிட்டார்கள், விற்பவர் வந்து நிற்கிறார். 'எங்களுக்கு இந்த இடத்தில் இவ்வளவு நஷ்டம் ஆகிறது' என்ற நான்காவது காரணத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த நான்காவதுதான் முடிவு செய்ய வேண்டும்.

நிறுவனங்கள் ஏன் புதிய தொழில்நுட்பத்துக்குப் போகின்றன என்பது பழைய ஆராய்ச்சிக் கேள்வி. 1990-இல் டொர்னாட்ஸ்கி, ஃப்ளைஷர் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள். கையில் இருக்கும் தொழில்நுட்பம், நிறுவனத்தின் உள் நிலைமை, வெளிச் சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் முடிவு பிறக்கிறது என்றார்கள். 1983-இலேயே டிமாஜியோ, பவல் என்ற இரு சமூகவியலாளர்கள் ஒரே துறை நிறுவனங்கள் ஏன் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன என்று எழுதியபோது, கட்டாயம், பார்த்துச் செய்தல், தொழில் வட்டாரத்தின் வழக்கம் என்று மூன்று அழுத்தங்களைப் பிரித்தார்கள். எதிர்காலம் தெளிவாகத் தெரியாதபோதுதான் அடுத்தவரைப் பார்த்துச் செய்வது அதிகமாகும் என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமானது. வாசல் திரை பெரும்பாலும் அந்த வகை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வருகிற வாடிக்கையாளருக்கு நல்ல தோற்றம் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கட்டாயம் என்பது வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டில் மட்டுமே கிடைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றின் ஒவ்வொரு பெட்டியிலும் தனி அடையாளக் குறியீடு வேண்டும். மின்வாகன பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயமாகிறது. இந்தத் துறைகளில் இருப்பவர்களுக்கு 'இறங்கலாமா' என்ற கேள்வியே கிடையாது. வாகன உதிரிபாகத்தில் ஐஏடிஎஃப் 16949 என்ற தரநிர்ணயம் கேட்பது டிரேசபிலிட்டி. ஒரு பழுதான பாகம் கிடைத்தால் அது எந்த லாட், எந்த நாள், எந்தக் கம்பி, எந்த ஹீட் நம்பர் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வேண்டும். எனவே படிவத்தை நிரப்பும் முன் வாடிக்கையாளரின் தரப் பொறியாளரிடம் நேராகக் கேளுங்கள்: 'ஸ்மார்ட் என்று நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்? டிரேசபிலிட்டியா, உற்பத்தி நிலவரத்தை உடனுக்குடன் பார்ப்பதா, கார்பன் கணக்கா?' பல நேரம் பதில் முதலாவதாகவே இருக்கும். அப்படியானால் 18 மெஷினில் சென்சார் மாட்டி ஒரு பயனும் இல்லை. தேவைப்படுவது ஒரு மார்க்கிங் மெஷின், இரண்டு மூன்று ஸ்கேனர், ஒழுங்கான ஒரு டேட்டாபேஸ்.

மார்க்கிங் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேட்டா மேட்ரிக்ஸ் என்ற சதுரக் கட்டக் குறியீட்டில் 16-க்கு 16 கட்டம் போட்டால் 24 இலக்கம் அல்லது எழுத்தும் எண்ணும் கலந்து 16 குறிகள் அடங்கும். ஒரு கட்டம் 0.3 மி.மீ. என்றால் குறியீடு 4.8 மி.மீ., சுற்றிலும் ஒரு கட்டம் வெற்றிடம் விட வேண்டும் என்பதால் 5.4 மி.மீ. சதுர இடம் வேண்டும். அடுத்த ஆபரேஷனில் கடையப்படாத முகமாகப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். லேசரில் லேசாகப் போட்ட குறி ஷாட் பிளாஸ்டிங்கில் அழிந்துவிடும், ஹீட் ட்ரீட்மென்ட் செதிலில் மறைந்துவிடும். அப்படிப்பட்ட பாகத்துக்கு ஊசியால் புள்ளி குத்தும் டாட் பீன் முறைதான் தாங்கும். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு ரீவொர்க் (திருத்தி எடுக்கும்) பீஸ்களில் கோட்டை விடுபவர்கள் நிறைய. ரீவொர்க்குக்குப் போகும்போது ஒரு ஸ்கேன், திரும்பி வரும்போது ஒரு ஸ்கேன் இல்லையென்றால் இரண்டு ஹீட் நம்பர்கள் ஒரே பெட்டியில் கலந்துவிடும். பிறகு டேட்டாபேஸில் என்ன இருந்தும் நம்ப முடியாது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். லாக் புக் போதுமா? ஒரு ஷிப்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

480 நிமிட ஷிப்ட். இடைவேளை 30 போக 450 நிமிடம். லாக் புக்கில் எழுதிய நிறுத்தங்கள் (செட்டிங், இன்சர்ட் என்ற வெட்டுமுனையை மாற்றியது, மெட்டீரியலுக்குக் காத்திருந்தது) மொத்தம் 62 நிமிடம். அப்படியானால் மெஷின் 388 நிமிடம் ஓடியிருக்கிறது. ஒரு பீஸுக்கு லோடிங் உட்பட 45 விநாடி. எடுத்தது 430 பீஸ், அதற்கு வேண்டிய நேரம் 322.5 நிமிடம். மீதி 65.5 நிமிடம் எங்கே போனது? லாக் புக்கில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. 430-இல் நல்ல பீஸ் 417. ஓஇஇ (மெஷினின் மொத்தப் பயன்திறன்) கணக்கில் போட்டால், ஓடிய நேரம் 86.2 சதவீதம், வேகம் 83.1, தரம் 97. மூன்றையும் பெருக்கினால் 69.5. கண்ணுக்குத் தெரிந்த நிறுத்தத்தைவிடத் தெரியாத இழப்பு அதிகம்.

அந்த 65 நிமிடம் துண்டு துண்டாகப் போகிறது. சிப் சுற்றிக்கொண்டது, கதவைத் திறந்து எடுத்துவிட்டது, 40 விநாடி. கேஜ் பக்கத்து மெஷினில் இருந்தது, போய் எடுத்துவர ஒன்றரை நிமிடம். இதையெல்லாம் எந்த ஆபரேட்டரும் எழுத மாட்டார், எழுதச் சொல்வதும் நியாயமில்லை. இன்னொன்று இன்னும் நுணுக்கமானது. பேனலில், வெட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் ஓவர்ரைடு குமிழ் 80 சதவீதத்தில் நிற்கும். மெஷின் நிற்கவில்லை, பச்சை விளக்கு எரிகிறது, புத்தகத்திலும் ஓடியதாகவே பதிவாகும், ஆனால் வெட்டும் நேரம் கால் பங்கு கூடிவிட்டது. குமிழைத் திருப்பிய ஆபரேட்டரைக் கேட்டால் காரணம் இருக்கும். புது பிராண்ட் இன்சர்ட் 100-இல் விளிம்பு உடைகிறது என்பார், அல்லது பார் நீட்டமாகப் பிடித்திருப்பதால் அதிர்கிறது என்பார். அவர் குமிழைத் திருப்பாமல் இருந்தால் ரிஜெக்‌ஷன்தான் கூடியிருக்கும். கன்ட்ரோலரிலிருந்து நேராக எடுக்கும் டேட்டாவில் இந்த 80 தெரியும். அதைப் பார்த்து இன்சர்ட்டை மாற்றினால் பலன் வரும், ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்தால் வராது.

நல்ல காரணத்தோடு இறங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் இறங்குகின்றன. மனிதர்கள் எழுதிப் பிடிக்க முடியாத சின்னச் சின்ன இழப்பு, ஆர்டர் நெருக்கும்போது கூட்டினால் ஒரு மெஷின் அளவுக்கு வந்துவிடும். புது மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கும் கட்டத்தில்தான் அது உறைக்கும். இறங்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு ஸ்டாப்வாட்ச் வேலை. எந்த மெஷினுக்கு முன்னால் எப்போதும் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றனவோ அதுதான் உங்கள் பாட்டில்நெக். அதன் பக்கத்தில் ஒருவரை ஐந்து நாள், இரண்டு ஷிப்டும் உட்காரவைத்து ஒவ்வொரு நிறுத்தத்தையும் விநாடிக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். அல்லது டவர் லேம்ப் (மெஷினின் நிலையைக் காட்டும் வண்ண விளக்கு) தெரியும்படி ஒரு கேமரா வையுங்கள். எதற்காக என்று ஆபரேட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஐந்து நாள் மட்டும் மெஷின் அருமையாக ஓடும்.

பாட்டில்நெக்கில் ஷிப்டுக்கு 40 நிமிடம் மீட்டால், மேலே சொன்ன 45 விநாடிக் கணக்கில் 53 பீஸ் கூடுதலாக வெளியே போகும். வேறு மெஷினில் அதே 40 நிமிடத்தை மீட்டால் அந்த 53 பீஸ் பாட்டில்நெக் முன்னால் போய்க் குவியும், அவ்வளவுதான். 18 மெஷினுக்கும் சேர்த்து ஒரே கொட்டேஷன் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். இரண்டு அல்லது மூன்று மெஷினில் ஆரம்பியுங்கள்.

எப்படி இணைப்பது என்பதில் மூன்று வழி உண்டு. மலிவானது டவர் லேம்பிலிருந்து 24 வோல்ட் சிக்னலை ஆப்டோகப்ளர் அல்லது இன்டர்ஃபேஸ் ரிலே வழியாக எடுப்பது. ஓடுகிறது, நிற்கிறது, அலாரம் என்ற மூன்றும் தெரியும். ஆனால் பல மெஷின்களில் கதவு மூடியிருந்தாலே பச்சை எரியும்படி லேடர் (மெஷினின் உள் கட்டுப்பாட்டு நிரல்) எழுதியிருப்பார்கள், முதலில் அதைச் சோதியுங்கள். விளக்கே இல்லாத பழைய மெஷினுக்குக் கேபிளைக் கழற்றாமல் கவ்வவைக்கும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர். அதை மெயின் லைனில் மாட்டினால் ஹைட்ராலிக், கூலன்ட் மோட்டார்களும் சேர்ந்துவிடும். சும்மா நிற்பதும் வெட்டுவதும் பிரியாது. ஸ்பிண்டில் டிரைவுக்குப் போகும் கேபிளில் மாட்ட வேண்டும்.

மூன்றாவது வழி கன்ட்ரோலரோடு நேராகப் பேசுவது. அதற்கான வழிமுறை, பானுக் கன்ட்ரோலர் என்றால் ஃபோக்கஸ், மற்றவற்றில் ஓபிசி யுஏ அல்லது எம்டிகனெக்ட். ஓவர்ரைடு, புரோகிராம் நம்பர், அலாரம் எண் எல்லாம் இதில்தான் கிடைக்கும். பழைய கன்ட்ரோலரில் ஈதர்நெட் போர்டு இருக்காது. புதியதிலும் சில நேரம் அது தனியாக விலை கொடுத்துத் திறக்க வேண்டிய ஆப்ஷனாக இருக்கும். கொட்டேஷனில் இது சேர்ந்திருக்கிறதா என்று மெஷின் வாரியாக எழுத்தில் வாங்குங்கள். கடைசியில் எகிறும் செலவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

வயரிங்கில் வழக்கமான தொல்லை சத்தம், அதாவது மின் இரைச்சல். ஆர்எஸ்-485 டேட்டா கேபிளை டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே டிரேயில் போட்டால், ஸ்பிண்டில் வேகம் எடுக்கும்போதெல்லாம் டேட்டா விட்டுவிட்டு வரும். தனி டிரே, முறுக்கிய ஷீல்டு கேபிள், லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். மெஷினிலிருந்து மெஷினுக்குச் சங்கிலியாகக் கொண்டுபோக வேண்டும், நட்சத்திரமாகக் கிளை பிரிக்கக் கூடாது. இன்னொன்று, எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் ஒரே என்டிபி (நேரம் தரும்) சர்வரோடு கட்டிவிடுங்கள். ஒரு கன்ட்ரோலர் ஏழு நிமிடம் முந்தி ஓடினால், கரன்ட் விழுந்ததால் மெஷின் நின்றதா, மெஷின் நின்ற பிறகு கரன்ட் விழுந்ததா என்று கடைசிவரை தெரியாது.

மென்பொருளில் பாதித் தோல்வி ஒரு சின்ன மெனுவில் இருக்கிறது. நிறுத்தக் காரணம் தேர்ந்தெடுக்க 40 பெயர் கொடுத்தால் ஆபரேட்டர் 'இதர' என்பதையே அழுத்துவார், கையில் எண்ணெயோடு நிற்பவர் வேறென்ன செய்வார்? எட்டுக் காரணத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்குக் கீழான நிறுத்தத்துக்குக் காரணம் கேட்கவே வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். வேகம் 100 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் கொண்டாடாதீர்கள், சிஸ்டத்தில் போட்ட சைக்கிள் டைம் தவறு. அதேபோல 'உலகத் தரம் 85' என்று வாசலில் எழுதி வைப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. ஜப்பானின் சேய்ச்சி நகாஜிமா டிபிஎம் என்ற பராமரிப்பு முறையோடு பரப்பிய எண் அது, ஏறக்குறைய 90, 95, 99 சதவீதங்களின் பெருக்கம். ஒரே பாகத்தை வாரக் கணக்கில் ஓட்டும் லைனுக்குப் பொருந்தலாம். தினம் நான்கு செட்டிங் மாற்றும் மெஷினுக்குப் பொருந்தாது. உங்கள் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கொட்டேஷனில் 'பிரிடிக்டிவ் மெயின்டனன்ஸ்' (பழுதை முன்கூட்டியே கணிப்பது) என்றும் ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். மெல்ல மெல்லக் கெடும் பொருளுக்குத்தான் அது உதவும்: பேரிங், பம்ப், ஃபேன். ஸ்பிண்டில் பேரிங்குக்குப் போடலாம். அதிர்வு சென்சாரை முடிந்தவரை ஸ்டட் போட்டு முறுக்கிப் பொருத்துங்கள். காந்தத்தில் ஒட்டினால் உயர் அதிர்வெண்கள் சரியாக வராது, பேரிங் பழுதின் முதல் அறிகுறி அங்கேதான் தெரியும். டிரைவ் போர்டும் பவர் சப்ளையும் சொல்லாமல் ஒரு நொடியில் போகிறவை, அவற்றுக்கு மாற்று உருப்படியை அலமாரியில் வைத்திருப்பதே வழி. 'ஏஐ கற்றுக்கொள்ளும்' என்றால், கற்றுக்கொள்ள எத்தனை பழுது வேண்டும் என்று கேளுங்கள். நன்றாகப் பராமரிக்கும் தொழிற்கூடத்தில் ஒரே வகைப் பழுது வருடத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

என்னைக் கேட்டால் முதல் மீட்டரை மெஷினில் மாட்டாமல் கம்ப்ரசரில் மாட்டுவேன். விடுமுறை நாளில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, லோடு ஆகும் (காற்றை அழுத்தும்) நேரத்தையும் அன்லோடு ஆகும் (அழுத்தாமல் இருக்கும்) நேரத்தையும் குறியுங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால், எட்டில் இரண்டு, அதாவது கம்ப்ரசர் திறனில் 25 சதவீதம் லீக்கில் போகிறது. 20, 30 சதவீதம் காட்டுவது அபூர்வமே அல்ல. 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று மட்டும் விநாடிக்குச் சுமார் 11 லிட்டர் காற்றை விடும், அதை ஈடுகட்ட ஏறக்குறைய 3.5 முதல் 4 கிலோவாட் தொடர்ந்து செலவாகும். இந்தச் சோதனைக்கு எந்த ஸ்மார்ட்டும் வேண்டாம். ஆனால் லீக்கை அடைத்த ஆறே மாதத்தில் அது பழையபடி வந்துவிடும். நிரந்தரமாக ஒரு மின்மீட்டரும் ஏர் ஃப்ளோ மீட்டரும் இருந்தால் திரும்ப ஏறுவது தெரியும். வாடிக்கையாளர் கார்பன் கணக்கு கேட்கத் தொடங்கினால், மின்சாரத்தை மெஷின் வாரியாகப் பிரித்து வைத்திருப்பது பின்னாலும் உதவும்.

இவ்வளவு மாட்டியும் பலன் வராத நிறுவனங்கள் இருக்கின்றன. பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் 1990-இல் எழுதியதில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்தபோது பலர் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்து, கூரையில் ஓடிய அதே ஷாஃப்ட்டையும் பெல்ட்டையும் சுழற்றினார்கள். உற்பத்தித்திறன் பெரிதாக உயரவில்லை. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று வைத்து, வேலை நகரும் வரிசைப்படி மெஷின்களை இடம் மாற்றிய பிறகுதான் உயர்ந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. உங்களிடமும் காலை மீட்டிங்கில் நேற்றைய உற்பத்தி எண்ணை மட்டும் வாசித்துவிட்டு எழுந்து போகும் வழக்கம் இருந்தால், திரை வந்தாலும் அதே எண்ணைத்தான் கலரில் வாசிப்பீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கி, நேற்றைய மூன்று பெரிய நிறுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி என்று மாற்றுங்கள். இதை லாக் புக்கை வைத்தே இன்றைக்குத் தொடங்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம். 2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினிய நிறுவனம் நோர்ஸ்க் ஹைட்ரோ ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்) தாக்குதலுக்கு ஆளாகி, பல ஆலைகளில் கைமுறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மெஷின் நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து நடுவில் ஃபயர்வால் வையுங்கள். விற்பவருக்கு எப்போதும் திறந்த ரிமோட் இணைப்பு கொடுக்காதீர்கள், தேவைப்படும்போது திறந்து, முடிந்ததும் மூடுங்கள். சிஎன்சி புரோகிராம்களுக்கும் பாராமீட்டர்களுக்கும் நெட்வொர்க்கில் இல்லாத ஒரு பேக்கப் தனியாக இருக்கட்டும்.

கொட்டேஷன் கொடுத்தவரிடம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சந்தாவை நிறுத்தினால் பழைய டேட்டா எங்களுக்கு எந்த வடிவில் கிடைக்கும்? இன்டர்நெட் போனால் எத்தனை மணி நேர டேட்டா உள்ளேயே சேமிக்கப்படும்? சென்சார் பழுதானால் கடையில் கிடைக்கும் பொதுவான மாடலை மாட்டலாமா, உங்களிடம்தான் வாங்க வேண்டுமா? ஆபரேட்டர் திரையைத் தமிழிலோ எங்கள் ஆட்கள் படிக்கும் வேறு மொழியிலோ மாற்ற முடியுமா? முதல் கேள்விக்கு மழுப்பினால் மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை.

தணிக்கைப் படிவத்தில், இருப்பதை மட்டும் எழுதுங்கள்: 'ஒரு லாட்டைப் பின்தொடர இத்தனை மணி நேரம் ஆகிறது. பாட்டில்நெக் மெஷினில் ஐந்து நாள் இழப்பு அளந்திருக்கிறோம், இன்ன தேதியில் இரண்டு மெஷின் இணைக்கப்படும், பொறுப்பு இன்னார்.' அனுப்பும் முன், ஆறு மாதம் முன்பு போன ஒரு பாகத்தின் இன்வாய்ஸ் நம்பரை எடுத்து, அதன் ஹீட் நம்பர்வரை நீங்களே ஒருமுறை பின்தொடர்ந்து பார்த்துவிடுங்கள். அதற்கு ஆகும் நேரத்தையே அந்த முதல் வரியில் நிரப்புங்கள்.